ஊசி உருட்டாத பகடை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. சித்தி இரண்டே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். கணினித் திரையில் சித்தியின் நெற்றியும், அதற்கு மேலே சுழலும் மின்விசிறியும்தான் தெரிந்தன.

"கண்ணு, நான் தெரியறேனா?"

"நெத்தி மட்டும் தெரியுது சித்தி. போனைக் கொஞ்சம் கீழே இறக்குங்க."

"நெத்தி போதும். யாரையாவது சுடணும்னா சொல்லு, முழுசாத் தெரியறேன்."

சித்தி கண்ணு என்று கூப்பிட்டவளுக்கு வாரத்தில் ஆறு நாள் கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. யாரோ கட்டப்போகிற வீட்டுக்குச் சமையலறை எங்கே, கழிவுநீர்க் குழாய் எங்கே, மாடிக்கு எத்தனை படி என்று கோடு போட்டுக் கொடுப்பாள். ஏழாவது நாள் இல்லாத ஊருக்கு வரைபடம் போடுவாள். பலகை, காய் எதுவும் கிடையாத ஆட்டம் அது. ஒருத்தர் ஊரைச் சொல்வார். மற்றவர்கள் அந்த ஊரில் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இப்போது என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்க்கும். ஒன்று விழுந்தால் காரியம் கெட்டது. இருபது விழுந்தால் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி.

ஊரைச் சொல்கிறவரை நடத்துநர் என்று அறிவிப்பில் எழுதியிருந்தாள். அதைப் பார்த்துச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் முதல் நிமிஷமே, "நடத்துநரம்மா, ஒரு டிக்கெட் குடுங்க. சில்லறை இல்ல" என்றார். அதோடு அவள் கண்டக்டர் ஆகிவிட்டாள். அவள் கணவன் ஒரு கம்பெனியின் ஊழியர் பேருந்து ஓட்டுகிறவன். வீட்டில் டிரைவர், ஆட்டத்தில் கண்டக்டர், குடும்பமே டிப்போதான் என்று சித்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சைபர்பங்க் என்று இந்த வகைக் கதைக்குப் பெயர். வருங்காலத்து நகரம். அரசாங்கம் என்று பெயருக்கு ஒன்று இருக்கும், ஆள்வதெல்லாம் கம்பெனிகள். வானத்தை மறைக்கிற கட்டடங்கள், அவற்றின் காலடியில் காய்ந்து கிடக்கும் ஜனம். கைக்குப் பதில் இயந்திரக் கை, கண்ணுக்குப் பதில் கேமரா. சுவருக்கும் காது உண்டு என்பது அங்கே பழமொழி இல்லை, கட்டடச் சாமான் பட்டியலில் ஒரு வரி.

ஆட வந்த மூன்று பேருமே புதியவர்கள். மருந்துக்கடைக்காரருக்கு ஐம்பது வயது, ஞாயிறு மதியம் கடை மூடிவிடுவார். அவர் பாத்திரத்தின் பெயர் எலி, பூட்டையும் கணினியையும் உடைக்கிறவன். சித்தி தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் காதில் கருவி மாட்டி இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் பாத்திரம் பீரங்கி. பேசித் தீர்க்கக்கூடிய எந்த விஷயத்தையும் பீரங்கி பேசித் தீர்ப்பதில்லை.

மூன்றாமவளின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். வீட்டோடு தங்கி ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் என்று சொன்னாள். அந்த வீட்டு மேடம் கொடுத்த பழைய டேப்லெட்டில் நகர நூலகக் குழுவின் அறிவிப்பு வந்ததாம். ஆடட்டுமா என்று கேட்டாளாம், பெரியவர் தூங்குகிற மூன்றிலிருந்து ஐந்து வரை ஆடிக்கொள் என்று மேடமும் சொன்னாராம். பாத்திரத்துக்கு என்ன பெயர் என்றதற்கு, சுற்றுமுற்றும் பார்த்துச் சொன்னது போல "ஊசி" என்றாள். அவள் சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை.

முதல் வாரம் எளிய வேலைதான் கொடுத்தாள் கண்டக்டர். நாற்பது மாடிக் கம்பெனிக் கட்டடம். அதற்குள் நுழைந்து ஒரு கோப்பைத் திருடிக்கொண்டு வர வேண்டும். எலி பின்பக்கப் பூட்டை ஆராய்ந்தான். பீரங்கி முன்வாசலிலேயே போனாள்.

"ஊசி, நீங்க என்ன செய்றீங்க?"

"அக்கா, அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா?"

"வெளியேர்ந்து உடைச்சுத்தான் போறீங்க."

"போயிட்டப்புறம் பூட்டிக்கிட்டா? உள்ளேயிருந்து திறக்குமா?"

அன்றைக்கு மூன்று கதவு வந்தது. மூன்றுக்கும் அதே கேள்வி. புதிதாக ஆட வருகிறவர்கள் உள்ளே போகத்தான் துடிப்பார்கள், மாட்டிக்கொண்ட பிறகுதான் வெளியே வர யோசிப்பார்கள். கெட்டிக்காரப் பெண் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் ஊசி, ஆட்டம் தொடங்கும் முன்பே பேசினாள்.

"அக்கா, என் கேரக்டரை மாத்திக்கலாமா? ஊசி வெளியேர்ந்து வர்ற ஆள் இல்ல. அவ ஏற்கெனவே அந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கா. கம்பெனியோட பெரியவரைப் பார்த்துக்கிற நர்ஸ். அவளோட அடையாளச் சிப்பைக் கம்பெனி வாங்கி வச்சுக்கிச்சு. பத்து மாசமா வெளியே விடலை. அவ யாருக்கு என்ன செய்தி அனுப்பினாலும் தினமும் படிச்சிடுவாங்க."

கண்டக்டருக்கு வாயெல்லாம் பல். சுடுகிறேன், ஓடுகிறேன் என்பதைத் தாண்டாத புதியவர்களுக்கு நடுவே ஒருத்தி முழுக் கதையோடு வருகிறாள். வெண்ணெய் திரண்டு வருகிறது என்று நினைத்தாள். கட்டடத்தின் உச்சி மாடிக்குத் தான் போட்டு வைத்திருந்த வரைபடத்தைத் திரையில் காட்டினாள்.

"ஒரு திருத்தம் அக்கா. பெரியவர் ரூமுக்குப் பக்கத்துல பாத்ரூம் இல்ல. நடையோட கடைசில, சமையலறை முதுகை ஒட்டி இருக்கு. நடையில ரெண்டு கேமரா."

"சரி, மாத்திட்டேன்."

"சமையலறைப் பின்கதவுல நம்பர் பூட்டு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நம்பரை மாத்துவாங்க. அதுக்கப்புறம் துணி காயப்போடற இடம். அதைச் சுத்தி மதில். மதில் மேல கண்ணாடித் துண்டு பதிச்சிருக்கு."

கண்டக்டரின் கை நின்றது. நாற்பதாவது மாடியில் மதில் எதற்கு? கதையளக்கிறவர்கள் குழாய்களை மறந்துவிடுவார்கள் என்பது அவள் தொழிலில் கண்ட உண்மை. கற்பனை வீட்டில் கழிப்பறை ஒரு மூலையிலும் சமையலறை இன்னொரு மூலையிலும் கிடக்கும். இவள் சொன்ன வீட்டில் இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கம். குழாய் ஒழுங்காகக் கீழே இறங்கியது. இது யோசித்துச் சொன்ன வீடு இல்லை. பார்த்துச் சொன்ன வீடு.

அப்போது ஊசியின் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. பஞ்சு போன்ற பெண் குரல்.

"யார்கிட்டம்மா பேசிட்டிருக்கே?"

"விளையாட்டு மேடம். கதை சொல்றாங்க."

"நல்லா விளையாடு."

அதற்குப் பிறகு ஊசி அன்றைக்குப் பேசியதெல்லாம் "ஓடுறேன்", "ஒளியறேன்" என்கிற இரண்டு வார்த்தைதான்.

ஆட்டம் முடிந்ததும் கண்டக்டர் கணவனிடம் சொன்னாள். அவன் பேருந்துச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே. அது பாட்டுக்கு ஒரு பொண்ணு கதை சொல்லுது" என்றான். சட்டையைத் திருப்பிப் போட்டவன், பிறகு இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "ஆனா ஒண்ணு. கதவுன்னு சொல்றப்ப அந்தப் பொண்ணு குரல் உள்ள போயிடுது. இங்க நின்ன எனக்கே கேட்டுச்சு."

அவள் கூப்பிடுவதற்குள் சித்தியே கூப்பிட்டுவிட்டாள். சிரிப்புச் சித்தி இல்லை, வேறு சித்தி.

"கண்ணு, லைன்ல மூணாவது ஆள் ஒட்டுக் கேட்டா பேசறவங்க பேச்சு மாறிடும். இழுக்க மாட்டாங்க, தயங்க மாட்டாங்க. ஒவ்வொரு வார்த்தையையும் கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி வைப்பாங்க. முப்பது வருஷம் இதைத்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு நம்மகிட்ட பேசலை. கேட்டுட்டிருக்கிறவங்களுக்குத் தப்பாத் தெரியாம நம்மகிட்ட சொல்லிட்டிருக்கா."

"நேராக் கேட்டுடலாமா சித்தி?"

"கேட்டுடாதே. அவ இந்த வழியாத்தான் வந்திருக்கா. நாமளும் இந்த வழியாத்தான் போகணும்."

மூன்றாவது வாரம் பீரங்கி யாரையும் சுடவில்லை. எலி ஜோக்கடிக்கவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் சித்தி ஏற்கெனவே பேசியிருந்தாள். மூன்று பேரும் புதிதாக நடக்கப் பழகுகிறவர்கள் போல ஆடினார்கள். ஊசியின் அறையிலும் ஒரு கேமரா இருக்கும், அதற்குக் காதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கண்டக்டர் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொன்னாள்.

"எலியும் பீரங்கியும் உச்சி மாடியில ஊசியைச் சந்திக்கிறாங்க. ஊசி தன்னோட கதையைச் சொல்றா. ஆனா இந்த ஊர்ல யாரையும் சுலபமா நம்ப முடியாது. அவ சொல்றது நிஜமா, இட்டுக்கட்டினதான்னு பகடைதான் சொல்லணும். ஒண்ணுன்னா வெறும் கதை. இருபதுன்னா அத்தனையும் நிஜம். ஊசி, உருட்டுங்க."

ஊசியிடம் நிஜப் பகடை கிடையாது. டேப்லெட்டில் ஒரு பகடைச் செயலி வைத்திருந்தாள். தொட்டால் மரப்பெட்டியில் கொட்டை உருள்வது போலக் கடகடவென்று சத்தம் வரும். இரண்டு வாரமாக எல்லோர் காதுக்கும் பழகிய சத்தம்.

இப்போது அந்தச் சத்தம் வரவில்லை. தூரத்தில் பெரியவரின் குறட்டை மட்டும் கேட்டது.

"இருபது" என்றாள் ஊசி.

சித்தியின் நெற்றி திரையில் அசையாமல் இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் பேசினார்.

"எலி ஊசிகிட்ட கேட்கிறான். பெரியவருக்கு என்ன மருந்து குடுக்கறீங்க? மருந்தை வச்சு ஏதாவது வழி பண்ணலாம்."

ஊசி சொன்னாள். நடுக்கத்துக்கு ஒன்று, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, தூக்கத்துக்கு இரண்டு.

"எந்தக் கடைப் பையில வருது?"

"பேர் கிழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. பையோட அடியில ஒரு பச்சைக் குடை படம் இருக்கும்."

"எலிக்கு அது போதும்" என்றார் அவர்.

பச்சைக் குடை போட்ட பை நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு கடையுடையது. அந்தக் கடைக்காரரும் இவரும் ஒன்றாகப் படித்தவர்கள். வாடிக்கையாளர் விலாசத்தைக் கேட்பதும் தப்பு, கொடுப்பதும் தப்பு. தப்புதான் என்று சொல்லிவிட்டே, அந்த நாலு மருந்தும் ஒன்றாகப் போகிற வீடு எது என்று கேட்டார். அப்புறம் விலாசம் வந்தது, கூடவே வேறொன்றும் வந்தது.

"அந்த வீட்டுக்குப் பையை நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிறேன். கேட்டுல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு, அதுவழியா வாங்கிப்பாங்க. ரெண்டு வருஷமா கையை மட்டும்தான் பார்க்கிறேன். முன்னாடி வந்த கையில மணிக்கட்டுக்கு மேல ஒரு தீக்காயத் தழும்பு இருக்கும். பத்து மாசத்துக்கு முன்னாடி வேற கை வந்துச்சு."

மருந்துக்கடைக்காரர் இதைக் கண்டக்டரிடம் சொல்லும்போது, தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கண்டக்டரும் கணவனும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். மேசையில் இருந்தவர் முழுதும் கேட்டார், குறை சொல்ல முடியாது. "விளையாட்டுல ஒருத்தங்க சொன்னதை வச்சு நான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினா, நாளைக்கு என் கதவைத் தட்டுவாங்கம்மா" என்றார். அவர்தான் தொழிலாளர் நல அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பினார்.

அங்கே இருந்த அதிகாரி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். விலாசத்தைப் படித்ததும் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"இந்த வீட்டு நர்சைப் பத்தி பதினோரு மாசத்துக்கு முன்னாடி வெளிநாட்டுலேர்ந்து ஒரு விசாரிப்பு வந்திருக்கு. அப்புறம் அந்தக் குடும்பத்துக்காரங்களே, செய்தி வந்துடுச்சு, பொண்ணு நல்லா இருக்குன்னு எழுதி முடிச்சுட்டாங்க."

"பதினோரு மாசத்துக்கு முன்னாடி இவ அங்க இல்லையே. இவ வந்து பத்து மாசம்தான் ஆகுது" என்றாள் கண்டக்டர்.

அதிகாரி கோப்பை மூடவில்லை. "நான் வர்றேன். ஆனா அந்தப் பொண்ணு தன் வாயால, விளையாட்டு இல்லாம, சொந்தப் பேரைச் சொல்லி, போகணும்னு சொல்லணும். நான் என் காதால கேட்கணும். அது கிடைச்சா அந்த நிமிஷமே கேட்டைத் திறக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. கிடைக்கலைன்னா நான் மணியடிச்சுட்டுத் திரும்பி வரணும். அதுக்கப்புறம் உள்ள என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்."

நான்காவது ஞாயிறு வந்தது. ஒரு போலீஸ்காரருடன் அதிகாரி அந்தத் தெருமுனையில் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரின் கணவனும் அவர்களோடு இருந்தான். கண்டக்டரின் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு போன் திறந்தே கிடந்தது. அதன் மறுமுனை அதிகாரியின் காதில்.

மூன்று மணிக்கு சித்தி வந்தாள், மருந்துக்கடைக்காரர் வந்தார். ஊசியின் கட்டமும் திரையில் வந்தது. இந்த முறை அதில் படம் இருந்தது.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், வெளிர்நிறப் பருத்திப் புடவை, நன்றாக வாரிய தலை. சிரித்த முகம். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நுனியில், கையை மடியில் வைத்தபடி இளம்பெண் ஒருத்தி. அவள்தான் ஊசி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குரலுக்கு ஏற்ற முகம். இருபத்தைந்து கூட இருக்காது.

"வணக்கம்" என்றது அந்தப் பஞ்சுக் குரல். "ஞாயித்துக்கிழமை ஆனா இவ முகமே மாறிடுது. அப்படி என்னதான் ஆடுறாங்கன்னு எனக்கும் ஆசை. நானும் புதுசுதான். சேர்த்துப்பீங்களா?"

மாட்டேன் என்றால் டேப்லெட் அணைந்துவிடும். "தாராளமா மேடம். யாரா இருக்கப் போறீங்க?"

"அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருப்பா இல்ல? அவளா இருக்கேன்."

ஆட்டம் தொடங்கியது. மேடம் நன்றாக ஆடினார். அதுதான் பயமாக இருந்தது. புதியவர்களுக்கு இருக்கும் கூச்சம் அவரிடம் இல்லை. கேட்டதற்கெல்லாம் யோசித்து, ரசித்துப் பதில் சொன்னார்.

"நான் எல்லாக் கேமராவையும் ஒரே நேரத்துல பார்க்கிறேன். முடியும்தானே?"

"முடியும் மேடம்."

"என் நர்ஸ் எங்க இருக்கா?"

"பெரியவர் பக்கத்துல இருக்கேன்" என்றாள் ஊசி.

"நல்ல பொண்ணு. சமையலறைக் கதவு நம்பரை மாத்துறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல." மேடம் திரையைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளிக்கிழமைதான் மாத்துவாங்கன்னு உங்களுக்கெல்லாம் தெரியும் இல்ல? நல்லா ஞாபகம் வச்சுச் சொல்லியிருக்கா."

திரையில் முதல்முறையாகச் சித்தியின் முழு முகம் தெரிந்தது. போனைக் கையில் எடுத்து நேராகப் பிடித்திருந்தாள்.

"பீரங்கி ஒண்ணு கேட்கிறா" என்றாள் சித்தி. "இந்த நர்சுக்கு முன்னாடி அங்க ஒரு நர்ஸ் இருந்தாளாமே. கையில தழும்போட. அவ இப்ப எங்க?"

மேடத்தின் சிரிப்பு போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றது. "அவளுக்கும் கதை சொல்றதுல ரொம்ப ஆசை" என்றார். பிறகு கையை டேப்லெட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

இதற்கு மேல் நேரம் இல்லை என்று கண்டக்டருக்குத் தெரிந்தது. மேடத்தைப் பார்க்காமல், நாற்காலி நுனியில் இருந்தவளைப் பார்த்துப் பேசினாள்.

"கட்டடத்து வாசல்ல ஒரு அதிகாரி வந்து நிக்கிறாங்க. இந்த ஊர்ல ஒரு சட்டம் இருக்கு. உள்ள இருக்கிறவ கேரக்டர் பேரை விட்டுட்டு, சொந்தப் பேரைச் சொல்லி, நான் போகணும்னு சொன்னா அவங்க கதவைத் திறந்தே ஆகணும். யாராலயும் தடுக்க முடியாது."

"என்னது இது, இப்படி ஒரு சட்டம்? யார் போட்டது?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம். இந்த ஊரை நடத்துறது நான்." பிறகு, நாலு வாரமாகக் கேட்ட கேள்வியையே கேட்டாள். "ஊசி, நீங்க என்ன செய்றீங்க?"

அந்தப் பெண் எழுந்து நின்றாள். தன் பெயரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், தன் நாட்டையும் பிறந்த ஊரையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வது போல உரக்க, தெளிவாகச் சொன்னாள். "என் பாஸ்போர்ட் இவங்ககிட்ட இருக்கு. பத்து மாசமா என்னைப் பூட்டி வச்சிருக்காங்க. நான் போகணும்."

திரை கறுத்தது.

மேசையில் கிடந்த போனில் ஜீப்பின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம், அழைப்பு மணி. மறுபடி அழைப்பு மணி. கண்டக்டர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். கேட் ஜன்னல் திறக்கிறது, அதிகாரி ஏதோ படித்துக்காட்டுகிறார், பஞ்சுக் குரல் பதில் சொல்கிறது. அதிகாரி போனைக் கணவனிடம் கொடுத்திருந்தார். கடிகாரத்தில் பதினெட்டு நிமிஷம் போயிற்று. சித்தியும் மருந்துக்கடைக்காரரும் அவரவர் கட்டத்தை விட்டு எழவில்லை.

கடைசியில் கணவன் பேசினான். "வந்துட்டாம்மா. செருப்புக்கூடப் போடலை. நடந்துதான் வந்தா."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறியதும் அந்தப் பெண் முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லையாம். "அஞ்சு மணிக்குப் பெரியவருக்கு நடுக்க மாத்திரை. யார் குடுப்பாங்க?" என்றாளாம். அதிகாரி அதற்கும் ஏற்பாடு செய்தார். ஆறு மணிக்குள் பெரியவர் மருத்துவமனைக்குப் போனார், மேடம் காவல் நிலையத்துக்குப் போனார். போகும்போது, கதவுகளைச் சரியாகப் பூட்டும்படி போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மேடத்தின் படுக்கையறை மேசை இழுப்பறையில் பாஸ்போர்ட் இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு. கூடவே ஒரு பழைய கைப்பேசி. முழு சார்ஜில் இருந்தது. "இது என்னோடது இல்ல" என்றாள் அந்தப் பெண். இரண்டாவது பாஸ்போர்ட்டில் இருந்த முகத்தையும் அவள் பார்த்ததில்லை. அவள் வேலைக்கு வந்த அன்று, கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்ததாம். யாருடையது என்று கேட்டதற்கு, போனவள் விட்டுவிட்டுப் போனாள் என்று மேடம் சொன்னாராம்.

வீட்டைக் குடைந்து பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது பெண் நாட்டை விட்டுப் போனதாக எங்கேயும் பதிவு இல்லை. வேறு எங்கேயும் வேலைக்குச் சேர்ந்ததாகவும் இல்லை. ஓடிவிட்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று மேடம் சொன்னார். கேட்ட ஒவ்வொரு முறையும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார்.

அந்தப் பெண்ணைச் சித்தி தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். விசாரணை முடியும்வரை இங்கே இருக்கட்டும் என்று அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முதல் இரண்டு நாள் அவள் எந்தக் கதவையும் சாத்தவிடவில்லை, குளிக்கும்போதுகூட. சித்தி நடையில் நாற்காலி போட்டுக்கொண்டு, யாரும் வராமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள்.

சனிக்கிழமை காலை அதிகாரி அங்கே வந்தார். கண்டக்டரும் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். காணாமல்போனவளின் அக்காவுடைய எண் கிடைத்திருக்கிறது, அதே ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி பேசினால் அவர்கள் மிரளாமல் பேசுவார்கள், நீ பேசுகிறாயா என்று கேட்டார். அந்தப் பெண் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள். போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார் அதிகாரி.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அக்கா, நான் உங்க தங்கச்சி வேலை பார்த்த வீட்டுல நர்சா இருந்தேன்" என்று தொடங்கினாள் அவள். "உங்க தங்கச்சி கடைசியா உங்ககிட்ட எப்ப பேசினாங்க?"

"பேசி ஒரு வருஷம் ஆகப்போகுதும்மா. வேலை ஜாஸ்தி, பேச நேரமில்லைன்னு சொல்லிட்டா." மறுமுனைக் குரலில் கவலை இருந்தது, ஆனால் பயம் இல்லை. "ஆனா மெசேஜ் தவறாம வந்துடும். வெள்ளிக்கிழமை ஆனா, நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்கன்னு ஒரு வரி. ஒரு வாரம்கூடத் தப்பினதில்ல. போன வாரம்கூட வந்துச்சு."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"நேத்துதான் வரலை" என்றாள் அக்கா. "ஏம்மா, உனக்கு ஏதாவது தெரியுமா? அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

கண்டக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியை இழுப்பறையிலிருந்து எடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் வந்த வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அடித்த விரல் யாருடையது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுமுனையில் இருந்தவளுக்கு மட்டும்தான் தெரியாது.

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் அக்கா" என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் என்ன சொல்வது என்று கேட்பது போல அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். சித்தி மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பேசறேன் கண்ணு" என்றாள்.